வால்ரஸ் தாளில் என்ர எழுத்து

இப்ப எந்தக் கரையில், என்னத்தை அளந்துகொண்டு நிக்கிறியளோ தெரியாத என்ர ஒரே அண்ணாவுக்கு,

சுகமோ எண்டு கேக்க ஏலாது, அதால் நேரே விசயத்துக்கு வாறன். உங்கட தாள்க்கட்டு போன கிழமை குப்பைக்குப் போகப் பார்த்தது. உங்கட அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அதே கட்டுத்தான். ஏன் போகப் பார்த்தது, பிறகு என்ன நடந்தது எண்டு உங்களுக்கு ஆராவது சொல்லத்தானே வேணும்?

இந்தக் கடிதத்தை எங்கட மாதா கோயில் மாதப் பத்திரிகையில் போடச் சொல்லிக் குடுக்கப் போறன். உங்களைப் பகிடி பண்ணின ஆக்களில் பாதிப்பேர் அதை வாசிக்கிறவை. உங்களைத் தெரியாத ஆக்களும் வாசிப்பினம். அதுக்காக உங்களுக்குத் தெரிஞ்ச கதையையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கு. பொறுத்துக்கொள்ளுங்கோ. எனக்கு வாய் நீளம் எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்.

என்ர அண்ணா ஒரு மீன்பிடிக் கந்தோரில் வெளிக்கள உத்தியோகத்தராய் இருந்தவர். கரைக்கு வாற மீனை எண்ணி எழுதுறது வேலை. அதுக்குச் சம்பளம் குடுத்தவை. ஆனால் செத்துக் கரையொதுங்குற ஓங்கில் எண்டுற டொல்பின், ஆமை, திமிங்கிலம் எல்லாத்தையும் ஓடிப்போய் அளந்து எழுதினது ஆரும் கேட்டு இல்லை. மனிசனுக்கு அதில ஒரு விசர்.

ஒருக்கால் திமிங்கிலம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார ஆராய்ச்சிக்காரர், போகேக்க ஒரு கட்டுப் படிவம் உங்களிட்டக் குடுத்திட்டுப் போனவர். அது எங்கட கடலுக்கு அடிச்ச படிவம் இல்லை. பனிக்கடலில் இருக்கிற வால்ரசுக்கு அடிச்சது. மேல்மூலையில் அதின்ர படம், ரெண்டு கொம்பு மாதிரிப் பல்லும் கூட்டுற தும்புத்தடி மாதிரி மீசையும். நீங்கள் மேலே இருந்த இடத்தின்ர பெயரை வெட்டிப்போட்டு, 'திருகோணமலை' எண்டு எழுதி, எங்கட ஓங்கிலையும் ஆமையையும் அதுக்குள்ள இறக்கினீங்கள். கொம்பின் நீளம் எண்ட இடத்தில் எல்லாத் தாளிலும் ஒரு கோடு.

"இது என்ன மிருகம் ஐயா, மீசை வைச்ச யானையோ?" எண்டு மூதூர்க் கரையில் ஒரு ஆள் கேட்டதை நீங்கள் வீட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சது எனக்கு ஞாபகம்.

பிறகு வால்ரஸ் எங்கட வீட்டில் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. கல்யாணம் கட்டாத நீங்களும், புருஷனைச் சாகக் குடுத்துப்போட்டு வந்த நானும், லிங்கநகர் வீட்டில் இருந்து சோறு தின்னேக்க வேறென்ன கதைக்கிறது? பிறக்கிற குட்டியே ஒரு வளர்ந்த மனிசன்ர பாரம் எண்டுவியள். ரெண்டு வருஷம் தாயிட்டப் பால் குடிக்குமாம். பெட்டை முந்தி வளர்ந்து நிண்டிடுமாம், ஆண் பிறகும் கன வருஷம் பெருத்துப் பெருத்து ஆயிரம் கிலோவைத் தாண்டுமாம். தோல் ரெண்டு விரல் தடிப்பாம், அதுக்குக் கீழ கொழுப்பு ஒரு கை அகலமாம்.

"ரெண்டு விரல் தடிப்புத் தோலுக்கு என்ன ஊசி போடுறது?" எண்டு நான் கேப்பன். நான் தையல்காரி, எனக்கு அதுதானே கேள்வி. அந்த நெஞ்சுச் சுற்றளவுக்கு ஒரு சட்டை வெட்டுறதெண்டால் எத்தினை மீற்றர் துணி எண்டு நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கணக்குப் பார்த்த நாளும் உண்டு.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாறன். எட்டு வருஷத்துக்கு முந்தி.

பூசை முடிஞ்சு, கிண்ணியாவில் ஒரு கல்யாணப் பொம்பிளைக்குச் சட்டை குடுக்க வேணும் எண்டு உங்கட மோட்டசைக்கிளில் வந்தனான். குடுத்திட்டுத் திரும்பேக்க உங்களுக்குப் போன் வந்தது. கிண்ணியாப் பாலத்துக்கு அங்கால கரையில் ஒரு கடற்பசு ஒதுங்கியிருக்கு எண்டு. எங்கட பக்கத்தில் கடற்பசுவைக் காணுறதே அருமை. நீங்கள் என்னைக் கேக்கவும் இல்லை, சைக்கிளைத் திருப்பினீங்கள். நான் பூசைச் சீலையோட இருக்கிறன்.

செத்து ரெண்டு மூண்டு நாள் இருக்கும். மல்லாக்கக் கிடந்தது, வயிறு ஊதிக் குன்று மாதிரி. மணம் எண்டால் சொல்லி வேலையில்லை. நீங்கள் காற்சட்டையை மடிச்சுக்கொண்டு முழங்காலில் இருந்தீங்கள். பையில் இருந்த இரும்பு நாடாவை இழுத்தால் வருகுதில்லை, உப்புத் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. அப்பதான் என்னைப் பார்த்தீங்கள்.

"ரீற்றா, உன்ர நாடா இருக்கோ?"

தையல்காரியின் கைப்பையில் நாடா இல்லாமல் என்ன இருக்கும்? நாடாவும் இருந்தது, சோக்குக்கட்டியும் இருந்தது. நீங்கள் நெஞ்செலும்புக்கு மேல ஒரு சின்ன வெட்டு வெட்டி, அளவுகோலை இறக்கிக் கொழுப்பின்ர தடிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தீங்கள். ரெண்டு கையும் எண்ணெயும் இரத்தமும். அதால், "நீ நீளத்தையும் சுற்றளவையும் எடுத்து, நீயே எழுது" எண்டு படிவத்தை என்னட்டத் தந்தீங்கள். நான் சீலைத் தலைப்பை மூக்கில் சுத்திக்கொண்டு அளந்தனான்.

எப்பிடி அளந்தனான் எண்டால், எனக்குத் தெரிஞ்ச மாதிரி. மூக்கு நுனியில் நாடாவைப் பிடிச்சு, தாடைக்குக் கீழால் இறக்கி, நெஞ்சில் ஏத்தி, வயித்துக்கு மேலால் வடிவாய்ப் படிய விட்டு, பிறகு இறக்கி வால் வரைக்கும். நாடா காணாத இடத்தில் சோக்கால் ஒரு கோடு, திரும்ப அதில இருந்து. மூண்டு தரம் மாத்தி வைச்சனான். பதினோரு அடி ரெண்டு அங்குலம். படிவத்தில் நீளத்துக்கு ரெண்டு பெட்டி இருந்தது. இங்கிலீசில் என்னமோ எழுதியிருந்தது. நான் முதல் பெட்டியில் எழுதினனான்.

கடைசியில் நீங்கள் கையைக் கழுவிப்போட்டு வந்து, 'அளந்தவர்' எண்ட இடத்தில் உங்கட பெயரை எழுதிக் கையெழுத்தும் வைச்சீங்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிச்சினம். நாங்கள் வீட்ட வந்தம். அந்தச் சீலையை மூண்டு தரம் தோய்ச்சும் மணம் போகேல்லை, கடைசியில் துடைக்கிற துணியாக்கினனான்.

உண்மையைச் சொல்லிப்போடுறன். எனக்கு அந்தக் கையெழுத்து வலிச்சது. அந்த மணத்துக்குள்ள நிண்டு அளந்தது நான், எழுதினது நான், பெயர் மட்டும் உங்கடயோ? வாய் விட்டுக் கேக்கேல்லை. ஆனால் ஒரு கிழமைக்குக் குழம்பில் உப்புக் கூடப் போட்டனான். அது தற்செயல் எண்டு நீங்கள் நினைச்சிருப்பியள்.

பிறகுதான் கொழும்புக் கூட்டம். கடல் உயிர்களைப் பற்றிக் கதைக்கிற ஒரு கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிட்டவை. சேட்டுக்கு நான்தான் புதுக் கொலர் வைச்சுத் தந்தனான். அந்தக் கடற்பசுத் தாளையும் கொண்டு போனீங்கள், இவ்வளவு பெரிசு எங்கட கரையில் வந்தது எண்டு சொல்ல. அங்க ஒரு ஆள் எழும்பி, "வாலைப் பிடிச்சு இழுத்து அளந்தனீங்களோ?" எண்டு கேட்டாராம். கடற்பசு பத்தடி தாண்டுறதே அருமையாம். எல்லாரும் சிரிச்சினமாம்.

கதை உங்களுக்கு முந்தித் திருகோணமலைக்கு வந்திட்டுது. அதுக்குப் பிறகு கந்தோரில் ஆர் எதைக் கூட்டிச் சொன்னாலும் 'கடற்பசு அளவு' எண்ட பகிடி. சந்தையில் அறுக்குளா வாங்கப் போனால், மீன்காரர் கையை விரிச்சுக் காட்டி, "அக்கா, இது சாதாரண அளவோ, இல்லாட்டி உங்கட அண்ணன்ர அளவோ?" எண்டு கேட்டார். நானும் சிரிச்சனான். அதை நினைக்க இப்ப எனக்கு என்னிலேயே கோவம் வருகுது.

நீங்கள் கொழும்பால் வந்த அண்டைக்குப் பின்னேரம் குசினிக் கதவடியில் வந்து நிண்டீங்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தனான்.

"ரீற்றா, அண்டைக்கு நாடாவை எப்பிடிப் பிடிச்சனீ?"

"எப்பிடிப் பிடிக்கிறது? கையாலதான்."

"இல்லை, உடம்புக்கு மேலாலயோ..."

"அண்ணா, முப்பது வருஷமாய் அளக்கிறவளிட்டக் கேக்கிற கேள்வியே இது? என்ர அளவு எப்ப பிழைச்சது?"

"ஓம், சரி," எண்டுபோட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனீங்கள். அதோட அந்தக் கதை முடிஞ்சுது. கூட்டங்களுக்கும் நீங்கள் பிறகு போகேல்லை. ஆனால் படிவத்தை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தீங்கள், கால் ஏலாமல் வாற வரைக்கும்.

சீனி வருத்தம் உங்களை எப்பிடித் திண்டது எண்டு எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். உங்கட காற்சட்டை எல்லாம் நான்தானே பிடிச்சுத் தைச்சனான். முப்பத்தெட்டு இடுப்பு முப்பத்தாறு ஆச்சு, முப்பத்துநாலு ஆச்சு. ஒரு நாள் கதிரையில் இருந்துகொண்டு ஒரு வால்ரஸ் தாளை எடுத்து உங்களையே எழுதினீங்கள். கொழுப்பு: முடிஞ்சுது. தசை: முடியுது. மீசை: உண்டு. கொம்பு: இல்லை. "பட்டினி கிடந்தால் அதுக்கும் இதே ஒழுங்குதான், முதல் கொழுப்பு, பிறகு தசை" எண்டு சொல்லிச் சிரிச்சீங்கள். நான் குசினிக்குள்ள போய் அழுதனான். அது உங்களுக்குத் தெரியாது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்.

நீங்கள் போன காலமை சவப்பெட்டிக்கு அளவெடுக்க ஒரு மனிசன் வந்தார். தலைமாட்டில் ஒரு மரக்கட்டை, கால்மாட்டில் ஒரு மரக்கட்டை வைச்சார். உங்களில் முட்டாமல், பக்கத்தில் நிலத்தில் நாடாவை இழுத்தார். எனக்கு இருந்த நிலையில் ஆரோடயாவது சண்டை பிடிக்க வேணும் போல இருந்தது.

"அளக்கிற வடிவே இது? ஆளில வைச்சு அளவுங்கோ" எண்டனான்.

"அம்மா, பெட்டிக்கு நேர் அளவுதான்," எண்டார் அந்த மனிசன், அமைதியாய். "மேலால் அளந்தால் பெட்டி நீளமாய்ப் போகும்."

பெட்டி சரியாய் இருந்தது. நான் அதைப் பற்றிப் பிறகு யோசிக்கேல்லை.

இப்ப போன கிழமைக் கதை. ஷிபானா எண்டு ஒரு பிள்ளை வந்தாள். கிண்ணியாப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறாள். இந்தக் குடாக் கரையில் ஒதுங்கினதுகளின்ர அளவை எல்லாம் சேர்த்து, எந்த வயசில் எவ்வளவு வளருதுகள், எவ்வளவு கொழுப்போட இருந்துதுகள் எண்டு பார்க்கிறதாம். உங்கட கட்டு இருக்கெண்டு ஆரோ சொல்லி, ரெண்டு மாசத்துக்கு முந்தி வந்து படம் எடுத்துக்கொண்டு போனவள்தான். நூற்றுக்கு மேல தாள். இப்பிடி ஒண்டு வேற ஆரிட்டயும் இல்லை எண்டு துள்ளிக்கொண்டு போனாள்.

இந்த முறை துள்ளல் இல்லை. விறாந்தையில் இருந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் வைச்சுக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, கோவிக்காதீங்க. ஐயா கூட்டிச் சொல்ற ஆளா?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கேட்டது பகிடிக்கு இல்லை. அவளுக்கு மேல இருக்கிற பேராசிரியர் சொல்லிப்போட்டாராம். பதினோரு அடிக் கடற்பசு எண்டு எழுதினவர்ர மற்ற அளவை எப்பிடி நம்புறது, அந்த ஆளின்ர கட்டு முழுசையும் விட்டுடு எண்டு. வெள்ளிக்கிழமைக்கு முதல் அவள் முடிவு சொல்ல வேணுமாம். உங்கட இருபது வருஷம், அண்ணா. வெயிலிலும் மணத்திலும் முழங்காலில் இருந்து எழுதினது. ஒரு தாளால் எல்லாம் போகப் போகுது.

"எது அந்தத் தாள்?" எண்டு கேட்டனான். அவள் கட்டுக்குள்ள இருந்து எடுத்துக் காட்டினாள். நீளத்துக்கு இருந்த ரெண்டு பெட்டியையும் விரலால் தொட்டாள்.

"இது நேர் நீளம் அன்ரி. மூக்கடியில ஒரு தடி, வாலடியில ஒரு தடி வைச்சு, நிலத்தில அளக்கிறது. இது வளைவு நீளம், உடம்புக்கு மேலால போறது. வால்ரஸ் பெரிய பாரம், செத்தாலும் நேராக்க ஏலாத நேரம் இருக்கும். அதுக்காக ரெண்டும் வைச்சிருக்காங்க. ஐயா நேர் நீளத்திலதான் பதினோரு அடி எழுதியிருக்கார். அதான் பிரச்சினை."

அந்த 'ஐயா எழுதின' எழுத்தைப் பார்த்தன். ஒண்டுக்கு மேல கொக்கி, ரெண்டுக்குக் கீழ வால். என்ர அளவுக் கொப்பியில் ஆயிரம் தரம் எழுதின என்ர ஒண்டும் ரெண்டும். பெட்டிக்காரர் வைச்ச ரெண்டு மரக்கட்டையும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்ப சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. "அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை, பிள்ளை" எண்டு மட்டும் சொன்னனான். அவள் தாளை மடிச்சு வைச்சுப்போட்டுப் போயிட்டாள்.

ஏன் வாய் வரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். லிங்கநகரில் என்னட்ட வேற என்ன இருக்கு? 'ரீற்றாவிட்டக் குடுத்தால் அளவு பிழைக்காது' எண்ட ஒரு பெயர். அதை வைச்சுத்தான் புருஷன் போன பிறகும் நிமிர்ந்து நடந்தனான். செத்துப்போன ஆளுக்கு இனி என்ன பெயர் வேண்டிக்கிடக்கு எண்டு கூட நினைச்சனான், அண்ணா. மறைக்காமல் சொல்லுறன். ரெண்டு நாள் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

மூண்டாம் நாள் காலமை செல்வராசா காற்சட்டைக்கு அளவு குடுக்க வந்தார். அதுதான், சந்தியில் ஓட்டோ ஓடுற செல்வராசா. வயிறு இன்னும் முன்னுக்கு வந்திருக்கு. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, பாயை விரிச்சு, "இதில மல்லாக்கப் படும்" எண்டனான்.

"காற்சட்டைக்கு ஏன் அக்கா படுக்க வேணும்?"

"படும் எண்டால் படும்."

படுத்தார். தலைக்கு நேரே ஒரு கட்டை, குதிக்காலுக்கு நேரே ஒரு கட்டை. நிலத்தில் நாடாவை இழுத்தன். செல்வராசா தலையைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ அக்கா, பெட்டிக்கோ அளக்கிறீங்கள்? நான் இன்னும் ஓட்டோக் காசு கட்டி முடிக்கேல்லை!" எண்டார். "வாயை மூடும்" எண்டுபோட்டு, இந்த முறை நாடாவை நெத்தியில் இருந்து மூக்கு, நாடி, வயிறு எல்லாத்துக்கும் மேலால் வடிவாய்ப் படிய விட்டு இழுத்தன். ஒரு சாண் கூட வந்தது. அதே ஆள், அதே பாய். ஊதின கடற்பசுவில் எவ்வளவு கூடியிருக்கும்?

கையில் நாடாவோட அப்பிடியே நிலத்தில் இருந்திட்டன். செல்வராசா பயந்துபோனார். "என்னக்கா, எனக்கு ஏதும் வருத்தமோ?" எண்டு கேட்டார். "உமக்கு ஒண்டும் இல்லை. எழும்பும், ஓட்டோவை எடும், கிண்ணியாவுக்குப் போக வேணும்" எண்டனான்.

பாலத்தில் போகேக்க அந்தக் கரை தெரிஞ்சுது. நான் திரும்பிப் பார்க்கேல்லை.

ஷிபானாவின்ர வீட்டு முன் விறாந்தையில் அவளின்ர உம்மாவும் வாப்பாவும் இருக்க, நிண்டபடியே சொல்லிப்போட்டன். அண்டைக்கு அளந்தது அண்ணா இல்லை, நான். எழுதினதும் நான். தையல்காரி அளக்கிற மாதிரி உடம்புக்கு மேலால் அளந்து, பிழைப் பெட்டிக்குள்ள எழுதினனான். என்ர அளவுக் கொப்பியையும் அந்தத் தாளையும் கொண்டு போயிருந்தனான். அவள் தாளையும் கொப்பியையும் பக்கத்தில் வைச்சுப் பார்த்தாள். அதே கொக்கி, அதே வால்.

செல்வராசா கேக்காமலே அவையின்ர சீமெந்துத் தரையில் மல்லாக்கப் படுத்தார். "பிள்ளை, என்னில அளந்து பாருங்கோ, அப்ப விளங்கும்" எண்டு. அவளின்ர வாப்பா சிரிப்பை அடக்க ஏலாமல் உள்ளுக்குப் போயிட்டார். அவள் ரெண்டு விதமாயும் அளந்து பார்த்தாள்.

பிறகு தாளில் ஒவ்வொரு பெட்டியாய் விரலால் தொட்டுச் சொன்னாள். "அன்ரி, நேர் நீளம் இனிக் கிடைக்காது, அது போனது போனதுதான். ஆனா சுற்றளவு உடம்பில படியத்தான் அளக்கணும். அது நீங்க எடுத்தது சரி. ஐயா எடுத்த கொழுப்புத் தடிப்பும் சரி. அது நல்லாத் திண்டு வளர்ந்த பெட்டை. பட்டினியால சாகேல்ல, வலையிலதான் மாட்டியிருக்கும்."

அந்தக் கட்டு முழுசும் இருக்கும் எண்டாள். ஒரு இலக்கத்தை மட்டும் அடுத்த பெட்டிக்கு மாத்தினால் காணும். பேராசிரியருக்கு அங்கேயே போன் எடுத்துச் சொன்னாள். நான் அப்பதான் கதிரையில் இருந்தனான்.

போனை வைச்சுப்போட்டு அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அன்ரி, எங்கட பேராசிரியர் சேர் அந்தக் கொழும்புக் கூட்டத்தில இருந்தவராம். எல்லாரும் சிரிச்சாப் போல, ஆர் நாடா பிடிச்சது எண்டு ஐயாட்ட ஒருத்தர் கேட்டாராம். ஐயா, 'நான்தான் பிடிச்சனான்' எண்டு சொன்னாராம்."

எனக்கு அழுகை வரேல்லை. கோவம்தான் வந்தது. அந்த வீட்டில் வைச்சுக் கத்தியிருப்பன், தேத்தண்ணி தந்த வீடு எண்டு பேசாமல் இருந்தனான்.

ஏன் அண்ணா அப்பிடிச் சொன்னனீங்கள்? தங்கச்சி தெரியாமல் அளந்தவள் எண்டு சொல்லியிருந்தால், அந்தச் சிரிப்பு அங்கேயே முடிஞ்சிருக்கும். குசினிக் கதவடியில் வந்து கேட்டீங்களே, அப்ப உங்களுக்கு விளங்கிப்போச்சு, இல்லையோ? ஒரு கடிதம் எழுதியிருந்தால் எல்லாம் சரி. 'அளந்தது என்ர தங்கச்சி' எண்டு எழுத வேண்டி வரும் எண்டோ விட்டனீங்கள்? மடைத்தனம். பெரிய மடைத்தனம். மீன் சந்தையில் என்னையும் சேர்த்துச் சிரிக்க விட்டு, மீனைக் கழுவித் தாவெண்டு கேட்டுத் திண்டுகொண்டு இருந்தீங்களே.

நான் எட்டு வருஷமாய் 'அளந்தவர்' எண்ட இடத்தில் என்ர பெயர் இல்லை எண்டு கோவிச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் கண்ணை மூடுற வரைக்கும் அந்த இடத்தில் என்ர பெயர் வந்திடக்கூடாது எண்டு இருந்திருக்கிறியள். ரெண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சோறு திண்டம்.

ஷிபானாவிட்ட, "அண்ணான்ர கையெழுத்தை வெட்டிப்போட்டு என்ர பெயரைப் போடு" எண்டனான். "ஐயாட கையெழுத்தை வெட்ட ஏலாது அன்ரி, அதுக்குக் கீழ எழுதுங்க" எண்டு பேனையைத் தந்தாள். இலக்கத்தை வெட்டி, அடுத்த பெட்டியில் வடிவாய் எழுதினன். பிறகு உங்கட கையெழுத்துக்குக் கீழ, நாடா பிடிச்சது ரீற்றா எண்டு எழுதினன். இவ்வளவு காலமும் வேணும் எண்டு நிண்ட இடம். கிடைச்ச அண்டைக்கு எழுத்துக் கோணிப்போச்சு.

இனி ஊர் என்ன சொல்லும் எண்டு பார்ப்பம். இந்தக் கடிதத்தை வாசிச்சுப்போட்டு மீன்காரர் என்னைக் கேக்கட்டும், "அக்கா, இது உங்கட அளவோ?" எண்டு. "ஓம், என்ர அளவுதான்" எண்டு சொல்லுவன். நேற்று ஒரு பொம்பிளை வந்து சட்டைக்கு அளவு குடுத்திட்டுப் போனவ. அவவுக்கு இன்னும் விசயம் தெரியாது. நான் ரெண்டு தரம் அளந்து எழுதினனான்.

ஷிபானா எனக்குப் புதுப் படிவம் தந்திருக்கிறாள், தமிழிலேயே அடிச்சது. மேல்மூலையில் கடற்பசுவின்ர படம். எனக்கு அந்த மீசைக்காரர் இல்லாமல் ஒரு மாதிரி இருக்கு, அதால் உங்கட பழைய தாள் ஒண்டையும் அதுக்குப் பின்னால் குத்தி வைச்சிருக்கிறன். அடுத்த முறை எது ஒதுங்கினாலும் எனக்கும் போன் வரும். செல்வராசா ஓட்டோவில் கொண்டுபோறன் எண்டிருக்கிறார், மணத்துக்கு மட்டும் தூரத்தில் நிப்பாராம்.

ரெண்டு மரக்கட்டை செதுக்கி, உங்கட பழைய பைக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன். மூக்கடியில் ஒண்டு, வாலடியில் ஒண்டு. சுற்றளவுக்கு மட்டும்தான் நாடா உடம்பில் படும், நீளத்துக்கு மணலில் கிடக்கும். 'அளந்தவர்' எண்ட இடத்தை இனி நான் வேற ஆருக்கும் விடமாட்டன், பிழை வந்தால் அது என்னோட. இது நான் உங்களுக்குத் தாற வாக்கு.

நாடா பிடிச்சவள்,
உங்கட தங்கச்சி,
ரீற்றா